எஸ்ஏடி எழுதும் பிள்ளைக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர்

ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளையோடு அமெரிக்கா வந்து இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்த சூட்டோடு யாராவது கோச்சிங் சென்டர் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். அது அப்புறம் ஆகட்டும்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: எஸ்ஏடி என்பது கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் தேர்வு. 2024 மார்ச்சிலிருந்து இங்கே அது கணினியில்தான். புளூபுக் என்ற செயலியில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 54 கேள்வி, கணக்கில் 44, மொத்தம் 2 மணி 14 நிமிடம். மதிப்பெண் 400இலிருந்து 1600 வரை. ஒவ்வொரு பாடமும் இரண்டு பாதி. முதல் பாதியை நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் இரண்டாம் பாதி கடினமாக வரும், பெரிய மதிப்பெண்ணும் அங்கேதான். பதிவெல்லாம் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில். பக்கத்து மையங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். மாதிரித் தேர்வுகள் புளூபுக்கிலேயே இலவசம்.

நீட் பழக்கத்தில் “தெரியலைன்னா தொடாதே” என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே மைனஸ் மார்க் கிடையாது, ஒன்றைக்கூட விடக்கூடாது. கணக்குக்கு டெஸ்மாஸ் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்த நமக்கு அது பித்தலாட்டமாகத் தோன்றும். தோன்றட்டும், பிள்ளை பழகிக்கொள்ளட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நியூ ஜெர்சியில் என் நண்பர் ஒருவர், தஞ்சாவூர்க்காரர். பையன் பெயர் கவின், அப்பா பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் பெயர் கவின். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அப்படி வருகிறவர்களுக்கு அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ (First Name Unknown) என்று அடித்துவிடுவார்கள். பள்ளியில் சேர்த்தபோது கவின் செல்வம். காலேஜ் போர்டு கணக்கைப் பையனே திறந்தான், அதிலும் கவின் செல்வம்.

தேர்வன்று அம்மா பாஸ்போர்ட்டைக் கொடுத்து அனுப்பினார். நமக்கு அதைவிடப் பெரிய அடையாள அட்டை எது? தேர்வு மைய வாசலில் இருந்த அம்மாள் காலியான அந்த வரியில் விரலை வைத்தார். விசாப் பக்கத்தைப் புரட்டினார். “யார் இந்த எஃப்என்யூ?” அவ்வளவுதான், 8 மணிக்குக் கதவை மூடிவிட்டார்கள். பணமும் போயிற்று, கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கும் நவம்பர் 1 கெடுவுக்குள் மதிப்பெண்ணும் இல்லை. பள்ளி அடையாள அட்டை வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. படத்தோடு கூடிய அந்த அட்டையே செல்லும்!

எனக்கு இதில் இன்னும் எரிச்சல்தான். குடும்பப் பெயர் இல்லாதது நமக்கு ஒரு குறையா? 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட ஊர் நம் ஊர். ஆனால் அதைக் காலை ஏழே முக்காலுக்கு வரிசையில் நின்று விளக்க முடியாது.

ஆகவே பள்ளியில் சேர்க்கும்போதே எந்தப் பெயர் என்று முடிவு செய்யுங்கள். ஓரிடத்தில் ‘எஸ்’ என்ற இனிஷியல், இன்னோரிடத்தில் செல்வம் என்று விடாதீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும்முன், அன்று கொண்டுபோகப் போகும் அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். மாறியிருந்தால் காலேஜ் போர்டுக்கு முன்கூட்டியே போன் போட்டுத் திருத்துங்கள். கல்லூரி விண்ணப்பத்திலும் அதே பெயர்தான், இல்லையென்றால் மதிப்பெண் ஓரிடமும் விண்ணப்பம் ஓரிடமுமாகக் கிடக்கும்.

பதினோராம் வகுப்பு அக்டோபரில் வரும், எஸ்ஏடி-க்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி-க்குத் தளத்தில் பதிவு செய்ய முடியாது, பள்ளி வழியாகத்தான்; பள்ளியில் வழிகாட்டும் கவுன்சிலரிடம் முன்பே கேளுங்கள். அதை வைத்துக் கிடைக்கும் நேஷனல் மெரிட் உதவித்தொகை, கிரீன் கார்டுக்குக்கூட விண்ணப்பிக்காத எச்-4 பிள்ளைகளுக்கு (வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு) முன்பு கிடையாது; இப்போது இங்கே பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகமான யூசி-யின் கல்லூரிகள் சேர்க்கைக்கு எஸ்ஏடி-யைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி நடுவில் நிறுத்திவிட்டு, 2022இல் மறுபடி கட்டாயம் என்று அறிவித்தது. எந்தக் கல்லூரி என்று பார்த்துக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.