குதிகால் வெடிப்பு: பார்லரில் தீராதது வீட்டில் தீர்ந்தது

காரைக்குடியில் வெயில் ஏறினாலே என் குதிகால் வெடித்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடந்தால் சரக் சரக்கென்று உரசும். வெடிப்பில் மாட்டிப் புடவைக் கரையில் நூல் பிரியும்.

பார்லரில் பெடிக்யூர் செய்தேன். இன்னொருத்தர் என் காலைப் பிடித்துத் தேய்ப்பதே கூச்சம். போதாததற்கு பிளேடு வைத்துத் தோலைச் சீவினார்கள். அன்றைக்கு வழவழப்பு, பிறகு தோல் முன்னைவிடத் தடித்து ஆழமாக வெடித்தது. எலுமிச்சை, உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்ததில் இன்னும் வறண்டது. விளக்கெண்ணெய் தடவினேன், தரைதான் வழுக்கியது.

கடைசியில் பலன் கொடுத்த வழி இது: வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம். பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்ப்பு. துடைத்ததும் ஈரம் காய்வதற்குள் 25 சதவீத யூரியா கிரீம், மேலே பருத்தி சாக்ஸ். "வயக்காட்டுக்குப் போடுறதையா காலுக்குப் போடுற?" என்று ஆச்சி சிரித்தார்கள். யூரியா நம் தோலிலேயே இருப்பதுதான். தடித்த தோலை இளக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆழமான பிளவில் பட்டால் எரியும், அங்கே வாசலின் போதும்.

பலர் கவனிக்காதது செருப்பு. பின்வார் இல்லாத செருப்பில் குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்கி வெடிப்பை விரிக்கும். வார் வைத்ததுக்கு மாறிய பிறகுதான் பிளவு மூடியது. சர்க்கரை நோய் இருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ பியூமிஸ் கல்லைத் தொடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.