ஐடி கார்டுக்குப் பின்னால் ஒரு ஆபத்து பட்டன்: நீங்களே செய்யலாம்

என் தங்கச்சி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். ஓவர்டைம் இருக்கிற நாளில் காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்க ஒன்பதரை ஆகிவிடும். போன் கைப்பைக்குள் இருக்கும். அவசரம் என்றால் ஜிப்பைத் திறந்து, லாக் எடுத்து, ஆப்பைத் தேட ஏது நேரம்? கழுத்தில் ஐடி கார்டு எப்படியும் தொங்குகிறது. அதன் பின்னாலேயே ஒரு சின்னப் பெட்டி வைத்துவிட்டேன். பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால், அவள் இருக்கும் இடம் மூன்று பேருக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும். அப்புறம் அம்மாவின் போன் அடிக்கும்.

வாங்க வேண்டியவை: 3.3 வோல்ட் ஆர்டுயினோ ப்ரோ மினி (எல்லாவற்றையும் இயக்கும் குட்டிக் கணினி போர்டு), சிம்800எல் (சிம் போட்டு எஸ்எம்எஸ், கால் அனுப்பும் போர்டு), நியோ-6எம் ஜிபிஎஸ் (இடத்தைக் கண்டுபிடிக்கும் போர்டு), 1000 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி, பாதுகாப்புச் சுற்றுள்ள டிபி4056 சார்ஜர் போர்டு, 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து உடனே கொடுப்பது), புஷ் பட்டன். ஆர்டுயினோவிலேயே ஊனோ என்ற போர்டு வேண்டாம். அது பெரியது, 5 வோல்ட் வேறு. சிம்800எல்லின் சீரியல் கால்கள் (தகவல் போய்வரும் கால்கள்) அதைத் தாங்காது.

சிம்: சிம்800எல் 2ஜியில் மட்டுமே பேசும். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் ஜியோ சிம் உதவாது. நான் ஏர்டெல் போட்டேன். சிம்முக்கு PIN நம்பர் லாக் இருந்தால், சிம்மைப் போனில் போட்டு அந்த லாக்கை எடுத்துவிடுங்கள்.

இணைப்பு: ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) வயர் ப்ரோ மினியின் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) காலுக்கு. புரோகிராம் ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள். சிம்800எல்லை ப்ரோ மினியின் வேறு இரண்டு கால்களுக்குக் கொடுங்கள்; அவற்றைச் சீரியல் கால்களாக வேலைசெய்ய வைக்க சாஃப்ட்வேர் சீரியல் என்ற லைப்ரரி (தயாராக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு) இருக்கிறது.

மின்சாரம்: இங்கேதான் எனக்கு இரண்டு வாரம் போனது. சிம் போர்டின் விளக்கு விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் டவரைத் தேடுகிறது. மூன்று விநாடிக்கு ஒருமுறை என்றால் கிடைத்துவிட்டது. என்னுடையது சில தடவை சிமிட்டும், அணையும், மறுபடி முதலிலிருந்து சிமிட்டும். சிம்மை மாற்றினேன், ஆன்டெனாவை மாற்றினேன், புரோகிராமை நான்கு முறை திருத்தினேன். புரோகிராமில் எந்தத் தப்பும் இல்லை. டவரோடு பேசும் அந்த நொடியில் போர்டு 2 ஆம்பியர் வரை இழுக்கும். பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் வயரைச் செருகிப் பார்க்கும் பலகை) மெல்லிய வயரில் அவ்வளவு வராது, மின்னழுத்தம் 3.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் போர்டு அணைந்துவிடும்.

சரி, தீர்வு என்ன? பிரெட்போர்டை ஓரமாக வையுங்கள். டாட் போர்டில் (சால்டர் செய்வதற்கான துளைப் பலகை) தடித்த, குட்டையான வயரை சால்டர் செய்யுங்கள். கெப்பாசிட்டரை சிம்800எல்லின் விசிசி (பிளஸ்), கிரவுண்ட் (மைனஸ்) கால்களை ஒட்டியே வையுங்கள். நான் முதலில் ஒரு சாண் தள்ளி வைத்தேன், பிரச்சினை அப்படியே இருந்தது. கெப்பாசிட்டரின் பிளஸ், மைனஸ் மாறினால் அது வெடிக்கலாம். வெள்ளைக் கோடு உள்ள பக்கம் மைனஸ்.

புரோகிராம்: ஜிபிஎஸ்ஸைப் படிக்க டைனி ஜிபிஎஸ் பிளஸ் லைப்ரரி போதும். எஸ்எம்எஸ்ஸை முடிக்க 26 என்ற குறியீட்டு எண்ணுள்ள எழுத்தை (Ctrl+Z) அனுப்ப வேண்டும், இல்லையென்றால் போர்டு காத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்திய பிறகு ஜிபிஎஸ்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள். கட்டடத்துக்குள் அது கிடைக்காமலே போகலாம். கடைசியாகத் தெரிந்த இடத்தை உடனே அனுப்பிவிட்டு, புது இடம் கிடைத்ததும் இன்னொன்று அனுப்புங்கள்.

உறை: தகர டப்பா வேண்டாம், சிக்னலை மறைத்துவிடும். ஆம்பூர் தோல் துண்டில் தைத்தேன். ஜிபிஎஸ்ஸின் வெள்ளைச் சதுரம் (ஆன்டெனா) வெளிப்பக்கம் பார்க்கட்டும். வேலூர் மே மாத வெயிலில் இதை வண்டியில் விட்டுப் போகாதீர்கள். பேட்டரி உப்பிவிடும்.

செய்தி கிடைத்தவர் உடனே 112-க்கு அழைக்க வேண்டும் என்பதை மூன்று பேரிடமும் நேரில் சொல்லிவையுங்கள். போனில் தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி ஆப்பும் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: எஸ்எம்எஸ்ஸைத் தமிழில் அனுப்ப முடியுமா என்று ஒரு வாசகி பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். முடியும், எழுத்துகளை யூசிஎஸ்2 என்ற குறியீட்டு முறைக்கு மாற்ற வேண்டும், ஒரு செய்தியில் 70 எழுத்துதான் அடங்கும். எளிய வழி ஒன்று சொல்கிறேன். அம்மாவின் போனில் பெட்டியில் உள்ள சிம்மின் நம்பரை ‘பாப்பா ஆபத்து’ என்று தமிழில் சேமித்து, தனி ரிங்டோன் வைத்துவிட்டேன்.

இன்னொருவருக்கு திடீரென்று எஸ்எம்எஸ் போகவில்லை. போர்டு நன்றாகத்தான் இருந்தது, ரீசார்ஜ்தான் முடிந்திருந்தது. அதனால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்க்கிறோம். அம்மா அடுப்படியிலிருந்து “வந்துடுச்சும்மா” என்று குரல் கொடுப்பார்.