எல்இடி வெளிச்சம் கடைசிவரை குதிக்காமல் குறைய

பிடி4115 சிப் வைத்த ட்ரைவர் போர்டு (எல்இடிக்குப் போகும் கரண்டை ஒரே அளவில் வைப்பது), தொடராக மூன்று 1 வாட் வெள்ளை எல்இடி, 12 வோல்ட் அடாப்டர், புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கண்ட்ரோல் போர்டான ஆர்டுயினோ ஊனோ ஒன்று. படுக்கையறை விளக்குக்கு இப்படித்தான் ஆரம்பித்தேன். பாதி வரைக்கும் அழகாகக் குறைந்த வெளிச்சம், அணையப்போகும் நேரத்தில் மட்டும் தடக் தடக்கென்று விழுந்தது. தூக்கம் வரும் நேரத்தில் கண்ணை உறுத்துவதே அந்தக் கடைசிப் பகுதிதான்.

முதலில் கரண்டை முடிவு செய்யுங்கள். இந்த சிப்பில் 0.1-ஐ, கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும், 0.3 ஓம் போட்டால் 333 மில்லிஆம்பியர், 1 வாட் எல்இடிக்குச் சரியான அளவு. டிம் பண்ண எல்இடிக்குத் தொடராக மாஸ்ஃபெட் (சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போட்டுப் பாதையை வெட்டவே வெட்டாதீர்கள். அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இருந்தால், பாதை திறந்திருக்கும்போது அது சப்ளை வோல்டேஜ் வரை ஏறிக்கொண்டு, மறுபடி மூடிய நொடியில் அத்தனையும் எல்இடிக்குள் பாயும். பிடபிள்யூஎம் சிக்னலை (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் பல்ஸ்கள், ஆன் நேரம் குறைந்தால் வெளிச்சமும் குறையும்) சிப்பின் டிம் பின்னுக்கே கொடுங்கள். அதே பின்னுக்கு 0.5 முதல் 2.5 வோல்ட் வரை கொடுத்தும் குறைக்கலாம், மினுக்கமே இருக்காது, ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போகாது.

குதிப்பதற்குக் காரணம் இரண்டு. ஆர்டுயினோவின் சாதாரண பிடபிள்யூஎம்மில் 256 படிதான், 490 ஹெர்ட்ஸில் ஒரு படி சுமார் 8 மைக்ரோசெகண்ட். இரண்டாவது, கரண்டைச் சட்டென்று ஏறவிடாத காயில், என் போர்டில் இருந்தது 68 மைக்ரோஹென்றி. 12 வோல்ட் சப்ளையில் எல்இடிகள் 9.6 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் காயிலுக்கு மிஞ்சுவது 2.4 வோல்ட், அதை வைத்து கரண்ட் முழு அளவுக்கு ஏறவே 9 மைக்ரோசெகண்டுக்கு மேல் ஆகும். அதாவது முதல் படியில் கரண்ட் மேலே எட்டுவதற்குள் பல்ஸ் முடிந்துவிடுகிறது.

அதனால் சப்ளையை மாற்றினேன். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் போட்டதும் ஏறும் நேரம் சுமார் 2.4 மைக்ரோசெகண்டாகக் குறைந்தது (சிப் 30 வோல்ட் வரை தாங்கும், ஆனால் உங்கள் போர்டில் உள்ள இன்புட் கெப்பாசிட்டர் எத்தனை வோல்ட் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்). அப்புறம் ஆர்டுயினோவின் 9-ஆம் பின்னில், அதற்குள் இருக்கும் கவுண்டரான டைமர் 1-ஐ ஃபேஸ் கரெக்ட் முறையில் (உச்சம் வரை எண்ணி மறுபடி கீழே எண்ணுவது), உச்ச எண் 16000 என்று வைத்தால் 500 ஹெர்ட்ஸில் 16000 படி கிடைக்கும். அந்தப் படிகளைச் சமமாக இறக்காதீர்கள், நம் கண்ணுக்கு இருட்டில் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். 0 முதல் 1 வரை போகும் அளவை 2.2 அடுக்குக்கு உயர்த்தி 16000-ஆல் பெருக்குங்கள். வரும் எண் 20-க்குக் கீழே போனால் பல்ஸ் அந்த ஏறும் நேரத்துக்கே போதாது, நேரே அணைத்துவிடலாம்.

டிம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ஒன்று போடுங்கள். டிம் பின் அந்தரத்தில் இருந்தால் சிப் முழு வெளிச்சம் கொடுக்கும், ஆர்டுயினோ விழித்தெழும் அந்த ஒரு நொடியில் அறையே பளீரென்று ஆகிவிடும்.