காங் யாட்சே 2: முதல் ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஏறுவது எப்படி?

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் காங் யாட்சே 2, சுமார் 6,250 மீட்டர் உயரம். செங்குத்துப் பாறையில் தொங்கி ஏறும் வித்தை தேவையில்லை என்பதால் புதியவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் 5,500 மீட்டரிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். எவ்வளவு மெதுவாக உயரம் ஏறுகிறீர்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

படி 1: ஜூலை முதல் செப்டம்பர் வரை சீசன். சில மாதங்கள் முன்பே, முதுகில் பையோடு மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்குங்கள். அனுமதிச்சீட்டு, கைடு, கயிறு ஆகியவற்றை லடாக்கின் முக்கிய நகரமான லேயில் உள்ள மலையேற்ற நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும்.

படி 2: லே 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் மூன்று இரவாவது அங்கேயே தங்குங்கள். முதல் நாள் முழு ஓய்வு. மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். உயரத்தால் வரும் உடல்நலக்கேட்டைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

படி 3: ஸ்கியு, மார்க்கா, தச்சுங்சே, நிமாலிங் என்று நடை. தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. அதற்கு மேல் போக நேர்ந்தால் அங்கே கூடுதலாக ஒரு நாள் தங்குங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே போகாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடு இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். இதில் வாதமே கிடையாது.

படி 4: பேஸ் கேம்ப்பில் ஒரு நாள் பயிற்சி. கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) மாட்டும்போது பக்கிள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். வாரை இறுக்கி, மிஞ்சும் நுனியைத் தொங்கவிடாமல் செருகிவிடுங்கள். அப்புறம் கால்களைக் கொஞ்சம் அகட்டி நடந்து பழகுங்கள். ஒட்டி நடந்தால் முள் மறுகால் பேன்ட்டில் மாட்டி விழ வைக்கும். கையுறையோடே எல்லாவற்றையும் செய்து பாருங்கள், இருட்டில் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

படி 5: நள்ளிரவு வாக்கில் கிளம்புவார்கள், பனி இறுகியிருக்கும் நேரம் அது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலே இருக்கும் நீர்தான் முதலில் உறையும், மூடி அடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கைடோடு முன்பே பேசி வையுங்கள். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்துவிட்டால் திரும்பிவிடுங்கள்.

இறங்கும்போது வெயிலில் இளகிய பனி கிராம்பானுக்கு அடியில் கட்டியாகும். ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாரி) காம்பால் தட்டித் தட்டி உதிர்த்துக்கொண்டே வாருங்கள். மறுநாள் கொங்மாரு லா கணவாய் தாண்டினால் ஷாங் சும்டோ பக்கம் லேவுக்கு வண்டி கிடைக்கும்.