அப்பா அம்மாவோடு டிஸ்னி வேர்ல்டு: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்து இறங்கியதும், அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் போடும் பட்டியலில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ எப்படியும் இருக்கும். பேரப்பிள்ளைகளோடு டிஸ்னி வேர்ல்டு போக வேண்டும் என்பது இரண்டு தலைமுறைக்கும் ஆசை. பள்ளி விடுமுறை கோடையில்தான் என்பதால் பயணமும் ஜூன், ஜூலையில் அமைந்துவிடும். டிக்கெட், ஓட்டல், விமானம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசிப் பார்க்கிறோம். எழுபதைத் தாண்டிய ஒருவர் அந்த இடத்தை எப்படிச் சுற்றி வரப்போகிறார் என்பதை மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

நாங்களும் அப்படித்தான் விட்டோம். அப்பாவுக்கு அப்போது 74 வயது. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடப்பவர். மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சிறிய பேட்டரி வண்டி) எடுக்கலாமா என்று கேட்டதும், "நான் என்னம்மா, நடக்க முடியாதவனா?" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கு நிழலில் ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தார். "நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டிருந்த அவர் கையைப் பார்த்த பிறகுதான் நான் கேட்ட கேள்வியே தப்பு என்று புரிந்தது.

முதல் தவறு அதுதான். "நடக்க முடியுமா?" என்று கேட்கக் கூடாது. "காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு வாணவேடிக்கை வரை, நாலு நாள் தொடர்ந்து, இந்த வெயிலில் முடியுமா?" என்பதே கேள்வி. டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டும் ஏறக்குறைய 2 கி.மீ. அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே பூங்காவின் முன்பாதியைக் கடந்திருப்போம். ஒரு நாளில் 10 கி.மீ.க்கு மேல் நடப்பது சாதாரணம். நடையைவிட மோசமானது நிற்பது. தினமும் நடக்கிறவர்களுக்குக்கூட முக்கால் மணி நேரம் வரிசையில் அசையாமல் நின்றால் இடுப்பும் முட்டியும் இறுகிவிடும்.

பெற்றோரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்கிறோம் என்பது முக்கியம். "உங்களுக்கு முடியாது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மறுநாள் காலையில் அப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ராத்திரி வாணவேடிக்கை பாக்கும்போது நீங்க எங்ககூட இருக்கணும்ப்பா. காலுக்கு இப்பவே கொஞ்சம் ஓய்வு குடுங்க." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஸ்கூட்டர் எடுத்தால் நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு விரும்பிய இடத்தில் நடக்கலாம். அப்பா களைப்பில்லாமல் இருக்கும் காலை வேளையில் அம்மா ஓட்டலாம். இதை முன்பே சொல்லிவிட்டால் பாதி மறுப்பு கரைந்துவிடும்.

வாசலில் எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு

டிஸ்னியின் நான்கு பூங்காக்களிலும் நுழைவாயில் அருகே ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் முன்பதிவு கிடையாது. முதலில் வருபவர்களுக்கு முதலில் கொடுப்பார்கள். அன்றைய வண்டிகள் தீர்ந்துவிட்டால் கையால் தள்ளும் வீல்சேர் மட்டுமே மிச்சம் இருக்கும். 33 டிகிரி வெயிலில் ஒருவரைத் தள்ளிக்கொண்டே சுற்றுவது இருவருக்குமே தண்டனை. அங்கே எடுக்கும் வண்டியை அந்தப் பூங்காவை விட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. மதியம் வேறு பூங்காவுக்கு மாறினால், அங்கே வண்டி மிச்சம் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், வாசலுக்கு முன்னால் இருக்கும் தூரம். நான்கில் ஒன்றான மேஜிக் கிங்டம் பூங்காவுக்குக் காரில் போகிறவர்கள் பார்க்கிங்கில் இறக்கிவிடப்பட்டு, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, படகிலோ மோனோரயிலிலோ ஏறி ஏரியைக் கடந்த பிறகுதான் வாசலையே பார்க்க முடியும். ஓட்டலில் தங்கினாலும் அறையிலிருந்து சாப்பாட்டு இடம், அங்கிருந்து பஸ் நிறுத்தம் என்று தூரம் சேர்ந்துகொண்டே போகும். இரவு பத்து மணிக்கு, கால் முழுதாய் ஓய்ந்த நேரத்தில், வண்டியை வாசலில் ஒப்படைத்துவிட்டு அத்தனை தூரத்தையும் நடந்து திரும்ப வேண்டும். ஒரு நாளின் மிகக் கஷ்டமான நடை அந்தக் கடைசி நடைதான்.

அதனால் இரண்டு நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் வெளியில் இருக்கும் வாடகைக் கம்பெனியிடம் முன்பதிவு செய்து, வண்டியை ஓட்டலுக்கே வரவழைப்பது நல்லது. பல நாள் வாடகையாகக் கணக்குப் போட்டால் பூங்கா வாடகையைவிடப் பொதுவாகக் குறைவாகவே வரும். ஒரே ஒரு நாள், அதிலும் பாதி நாள் என்றால் வாசலில் எடுப்பதில் தவறில்லை. ஆனால் கதவு திறப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள்.

பதிவு செய்யும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "வண்டியை ஓட்டல் வரவேற்பு ஊழியர்களிடம் விட்டுச் செல்வீர்களா, அல்லது வாங்கிக்கொள்ள நாங்கள் நேரில் இருக்க வேண்டுமா?" சில கம்பெனிகளுக்கு மட்டுமே ஓட்டலில் விட்டுச் செல்லும் ஏற்பாடு உண்டு. மற்றவை நேரில்தான் கைமாற்றும். விமானம் தாமதமானால் யாரைக் கூப்பிடுவது, திருப்பித் தருவது எத்தனை மணிக்கு, வழியில் வண்டி நின்றுபோனால் மாற்று வண்டி எவ்வளவு நேரத்தில் வரும் என்பதையும் அதே அழைப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த வண்டி?

பெரிய வண்டி என்றால் சொகுசு என்று நினைத்து எடுத்துவிட்டுப் பஸ்ஸில் திண்டாடுகிறவர்கள் உண்டு. பூங்காவுக்குள் 36 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. பஸ்ஸின் சாய்தளத்துக்கும் உள்ளே நிறுத்தும் இடத்துக்கும் அதைவிடச் சிறியதாக இருந்தால்தான் நிம்மதி. ஓட்டுபவரின் எடையை வெட்கப்படாமல் சரியாகச் சொல்லி, அதைத் தாங்கும் வண்டியாகக் கேளுங்கள். எடை கூடினால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும். நான்கு சக்கர வண்டி சாய்வில் ஆடாமல் நிற்கும். வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாத அம்மாவுக்கு நான்கு சக்கரம்தான் என் தேர்வு.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறீர்கள் என்றால், வண்டியைக் கழற்றி டிக்கியில் ஏற்றப்போவது யார் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இருக்கை, பேட்டரிப் பெட்டி, முன்பாகம், பின்பாகம் என்று பிரியும் வண்டிகளிலும் கனமான பாகம் 15 கிலோ அளவுக்கு இருக்கும். அதை ஒரு நாளைக்கு நான்கு முறை தூக்க வேண்டும். டிஸ்னி பஸ்ஸில் இந்த வேலை இல்லை. சாய்தளம் வழியாக ஓட்டிக்கொண்டே ஏறலாம், ஓட்டுநர் வண்டியைப் பட்டையால் கட்டிக் கொடுப்பார். ஆனால் ஒரு பஸ்ஸில் பெரும்பாலும் இரண்டு ஸ்கூட்டருக்குத்தான் இடம். வாணவேடிக்கை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் இரண்டு மூன்று பஸ் காத்திருக்க நேரும். அரை மணி முன்னதாகவோ, கூட்டம் கலைந்த பிறகோ கிளம்புங்கள்.

ஓட்டிப் பழகாமல் கூட்டத்துக்குள் போவது

அப்பா முப்பது வருடம் பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டியவர். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றுதான் ஏறினார். ஆபத்து அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது. இந்த வண்டியில் முறுக்கும் கைப்பிடியும் கிடையாது, காலுக்குப் பிரேக்கும் கிடையாது. கைப்பிடிக்கு அருகே கட்டைவிரலால் அழுத்தும் ஒரு நெம்புகோல் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் வலது பக்கம் அழுத்தினால் முன்னே போகும், இடது பக்கம் அழுத்தினால் பின்னே போகும். விரலை எடுத்தால் வண்டி தானாகவே நின்றுவிடும், அதுதான் பிரேக். எதிரே ஒரு குழந்தை ஓடி வந்தால் பதற்றத்தில் மனிதக் கை இறுகத்தான் செய்யும். கை இறுகினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும். அப்பாவின் வலது கால் பிரேக்கைத் தேடித் தரையில் மிதித்ததையும், கை இறுகியதையும், வண்டி ஒரு பூந்தொட்டியில் இடித்து நின்றதையும் பார்த்தேன். நல்லவேளை, அது ஓட்டல் நடைபாதை.

அதன் பிறகு அரை மணி நேரம் ஒரே ஒரு பயிற்சிதான். நான் குறுக்கே போய் நின்று "கைய விடுங்கப்பா" என்பேன், அவர் விடுவார். யோசிக்காமல் விரல் எழும்பும் வரை திரும்பத் திரும்பச் செய்தோம். பிறகு சரிவில் இறங்குவது, ரிவர்ஸில் ஓர் இடைவெளிக்குள் நுழைவது, லிஃப்டுக்குள் போய் வருவது என்று பழகினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் முயல் படம் இருக்கும். கூட்டத்தில், சரிவில், பஸ்ஸில் ஏறும்போது ஆமைப் பக்கம். முயல் பக்கம் திருப்ப வேண்டிய தேவை பூங்காவுக்குள் எங்கேயும் வரவில்லை. ஊரில் இடப்பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு இங்கே கூட்டம் வலப்பக்கமாகவே நகரும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. புடவை முந்தானையும் சுடிதார் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சிக்கும். சிக்கினால் துணி கிழிவதோடு நிற்காது, ஆளையே பக்கவாட்டில் இழுத்துவிடும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். கொசுவமும் கால்வைக்கும் பலகைக்கு வெளியே தொங்கக் கூடாது. துப்பட்டா வேண்டவே வேண்டாம். கழன்று விழும் ரப்பர் செருப்புக்குப் பதிலாகப் பின்பட்டை உள்ள செருப்பு நல்லது.

பேரனையோ பேத்தியையோ மடியில் வைத்து ஓட்டுவது இன்னொன்று. ஆசையாகத்தான் இருக்கும், குழந்தையும் கேட்கும். ஆனால் முன்னால் உட்காரும் குழந்தை சாயும் இடம் அந்த நெம்புகோல்தான். இந்த வண்டிகள் ஒருவருக்கு மட்டுமே என்பது பூங்கா விதியும்கூட. இதில் தாத்தா பாட்டியின் பேச்சுக்கு இளகாதீர்கள்.

மேஜிக் கிங்டத்தின் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை இழுக்கும் டிராம் வண்டிக்கான தண்டவாளம் தரையில் பதிந்திருக்கும். அதை ஒட்டியே ஓட்டினால் சிறிய சக்கரம் பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொள்ளும். நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

வண்டி நின்றுபோனால்

கம்பெனிக்குப் போன் போடும் முன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நியூட்ரல் நெம்புகோலைப் பாருங்கள். கையால் தள்ளுவதற்காக வைத்திருப்பது அது. யாராவது காலால் தட்டிவிட்டால் சாவி போட்டாலும் வண்டி நகராது. திரும்ப மாற்றிப் போட்டு, சாவியை ஒருமுறை அணைத்து இயக்கினால் ஓடும். அதே நெம்புகோலைச் சரிவில் மாற்றவே கூடாது, பிரேக் முழுவதுமாக விடுபட்டுவிடும்.

சார்ஜ் விஷயத்தில், பாதிதானே இறங்கியிருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கம்பெனி சொல்லும் தூரம் சமதரையில் ஓடும் புது பேட்டரிக்கானது. தினமும் இரவு முழுக்கச் சார்ஜ் போட வேண்டும். அமெரிக்க ஓட்டல் அறைகளில் சில பிளக்குகள் சுவரிலுள்ள விளக்கு சுவிட்சோடு இணைந்திருக்கும். தூங்கப் போகும்போது விளக்கை அணைத்தால் சார்ஜரும் அணைந்துவிடும். விளக்கை அணைத்த பிறகு சார்ஜரில் சின்ன விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

ஃப்ளோரிடாவில் கோடை முழுவதும் பிற்பகலில் இடிமழை சகஜம். ஓட்டுபவர் மேல் மழைக்கோட்டு இருக்கும், கைப்பிடியின் மின்பகுதி நனையும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை முன்கூடையில் வைத்திருந்து, தூறல் விழுந்ததும் கைப்பிடியை மூடுங்கள். அந்தக் கூடையிலேயே தண்ணீர், மாத்திரை, குளுக்கோஸ் பிஸ்கட் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் அதை வெயிலில் வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பூங்காவிலும் உள்ள முதலுதவி மையத்தில் கேட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தருவார்கள்.

ஸ்கூட்டர் வரிசையைக் குறைக்காது

ஸ்கூட்டரில் வந்தால் முன்னால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு இருக்கிறது. அப்படி இல்லை. பெரும்பாலான இடங்களில் ஸ்கூட்டரோடு பொதுவரிசையிலேயே காத்திருக்க வேண்டும். வரிசைக்கு வெளியே காத்திருக்க உதவும் தனிச் சலுகையையும் 2024 முதல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள். முட்டி வலிக்கு அது கிடைக்காது.

ரைடுகள் மூன்று வகை. சில காட்சி அரங்குகளில் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். "இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு" படகு, அனிமல் கிங்டம் பூங்காவின் சஃபாரி வண்டி போன்றவற்றில் ஸ்கூட்டரிலிருந்து வீல்சேருக்கு மாறி அப்படியே ஏறலாம். மற்றவற்றில் எழுந்து ஏற வேண்டும். மேஜிக் கிங்டத்தில் உயரப் பாதையில் மெதுவாகச் சுற்றிவரும் பீப்பிள்மூவர் என்ற ரைடில் நகர்ந்துகொண்டே இருக்கும் சாய்பாதையில் நின்றபடி மேலே போக வேண்டும்; சமநிலை தடுமாறுகிறவர்களுக்கு அது வேண்டாம். எந்த ரைடு எந்த வகை என்பது பூங்கா வரைபடத்திலும் செயலியிலும் இருக்கிறது. முந்தின நாள் இரவே பார்த்து வைத்தால், முக்கால் மணி நேரம் நின்ற பிறகு வாசலில் திரும்பி வர வேண்டியிருக்காது.

எழுந்து ஏறும் ரைடுகளுக்கு வண்டியை வெளியே நிறுத்தும்போது சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அதே நிறத்தில், அதே மாதிரி பத்து வண்டிகள் நிற்கும். அம்மா தன் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து இருக்கையின் முதுகில் கட்டிவிட்டாள். மூன்று நாளும் எங்கள் வண்டியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தோம்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் சாவி, கூடை, சார்ஜர் மூன்றையும் கையில் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறையைக் காலி செய்யும் அவசரத்தில் சார்ஜர் சுவரிலேயே நின்றுவிடும், அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள்.