ராத்திரியானால் பாம்பு ஏன் தொட்டியைச் சுற்றுகிறது? புதிதாக வளர்ப்பவர்களுக்கு

பகல் முழுக்க ஒரு மூலையில் சுருண்டு கிடந்துவிட்டு, விளக்கை அணைத்ததும் எழுந்து கண்ணாடியை முட்டுகிறது, மூடியைத் தள்ளுகிறது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கிறது. உடம்பு சரியில்லையோ, பசியோ, வீடு பிடிக்கவில்லையோ என்று பயந்துவிட வேண்டாம். பால் பைத்தான் (ball python) மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பாம்பு. பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கியிருந்து, இருட்டிய பிறகுதான் வெளியே வரும். அமெரிக்காவின் கார்ன் ஸ்னேக்கும் பெரும்பாலும் அந்திக்கு மேல் நடமாடுகிற ரகம்தான். துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவரிடம் போய் ஏன் தூங்கவில்லை என்று கேட்பது மாதிரிதான் நம் கவலை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதெல்லாம் முறையாக வாங்கிய வெளிநாட்டுப் பாம்புக்குத்தான். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, ராத்திரி சுற்றுகிறது. பாம்பைப் பார்ப்பதற்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் சூடு பண்ணு, இன்னும் சூடு பண்ணு என்பார்கள், அவர்கள் ஊருக்கு அது சரி. நம்ம வடசென்னையில், வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், கத்திரி வெயில் நாட்களில், பகலில் குடித்த வெயிலைத் தளம் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும், அறையே 32, 33 டிகிரி. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31, 32 போதும், மறுபக்கம் 25லிருந்து 27க்குள் இருக்க வேண்டும். அந்தக் குளிர்ந்த பக்கமே இல்லாத தொட்டியில் பாம்பு என்ன செய்யும்? கண்ணாடி ஓரமாகவே மூக்கை அழுத்திக்கொண்டு போய்வரும், இல்லை தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் ராத்திரி அலைச்சல் என்றால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் சூடுதான், பசி அப்புறம்.

ஹீட் மேட்டை, அதாவது தொட்டிக்குச் சூடேற்றும் மின்விரிப்பை, அணையுங்கள். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட் என்றால் அதை மறுபடி போடவே வேண்டாம், பாம்பு வயிறு வெந்துபோனாலும் அதன் மேலேயே படுத்துக் கிடக்கும். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்தித் தாழ்வாக வையுங்கள். பதுங்குவதற்குப் பிளாஸ்டிக் குகைக்குப் பதில் ஒரு மண்சட்டியை வாய்ப்பக்கம் உடைத்து, விளிம்பை உரசி மழுக்கி, கவிழ்த்து வைத்து, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் உள்ளே நன்றாகக் குளிரும். 35 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே ஒட்டி வைக்கலாம். ஏசி அறையில் வேறு தலைவலி, காற்று வறண்டு சட்டை துண்டு துண்டாக உரியும், அதனால் ஈரப்பதம் 50, 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். மார்கழியில்தான் ஹீட் மேட்டுக்கு உண்மையான வேலை.

ராத்திரி எட்டிப் பார்க்கிறவர்கள் டியூப்லைட்டைப் போடாதீர்கள். சிவப்பு பல்பு பாம்புக்குத் தெரியாது என்பதையும் நம்பாதீர்கள், அதற்கு அதுவும் வெளிச்சம்தான். நடையில் எரிகிற மங்கலான விளக்கு போதும், இல்லாவிட்டால் இருட்டில் தெரிகிற சின்ன வைஃபை கேமரா ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

என்ன பார்ப்பது? நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி ஒவ்வொரு இடமாக மோந்துகொண்டு போனால் புது வீட்டை அளக்கிறது, விட்டுவிடுங்கள். பதுங்கிய இடத்திலிருந்து தலையை மட்டும் வெளியே வைத்து, கழுத்தைப் பின்னால் வளைத்து மடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தால் இரைக்குக் காத்திருக்கிறது, அந்த நேரத்தில் கையை உள்ளே விடாதீர்கள். சாப்பிட்ட பிறகு ஒரு பெரிய கொட்டாவி விடும், தாடையைச் சரிசெய்துகொள்கிறது, அவ்வளவுதான். அதுவே வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் க்ளிக் சத்தம், இல்லை தலை முறுக்கிக்கொண்டு திருப்ப முடியாமல் தவிப்பது என்றால் காலை வரை யோசிக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று வாங்கின வாரத்திலேயே விசாரித்து வையுங்கள். தண்ணீரிலேயே கிடந்தால் வெள்ளை டிஷ்யூவால் உடம்பைத் துடைத்துப் பாருங்கள், நுணுக்கமான கருப்புப் புள்ளிகள் ஒட்டி வந்து நகர்ந்தால் உண்ணி. கண் பால் படிந்து நீலமாகத் தெரிந்தால் சட்டை உரிக்கப் போகிறது, பார்வை மங்கியிருக்கும், தொட்டால் சீறும்.

அதிர்வையும் மறந்துவிடக் கூடாது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக நேராக உள்ளே போகும். எண்ணூர் சாலையில் ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரி ஓடுகிற வீடுகளில் தொட்டிக்கு அடியில் கெட்டியான ஃபோம் ஒன்று போடுங்கள். ஃப்ரிட்ஜ் மேல், வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றி மேளமும் ஸ்பீக்கரும் அதிர்கிற அன்று இரை கொடுத்தும் பயனில்லை, தொடாது.

முதல் ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவது தவிர கை வைக்காதீர்கள். அப்புறம் ஒரு ராத்திரி, உறைந்த எலியை வெந்நீரில் கவரோடு போட்டு இளக்கி, இடுக்கியால் நீட்டுங்கள். எடுக்கவில்லையா, விடிந்ததும் அப்புறப்படுத்திவிட்டு அடுத்த வாரம் பாருங்கள். உயிரோடு எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். எடை குறையாதவரை வளர்ந்த பால் பைத்தான் வாரக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம். சாப்பிட்டால் அடுத்த 48 மணி நேரம் தூக்கக் கூடாது. எலிப் பொட்டலத்துக்குத் தனி ஃப்ரீசர் பார்த்துக்கொள்ளுங்கள், காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வீட்டில் வருகிற சண்டையில் நான் அம்மா பக்கம்தான்.

ராத்திரி மூடியைத் தள்ளிப் பார்ப்பது எல்லாப் பாம்பும் செய்வதுதான், அதனால் பூட்டு அவசியம், ஒயர் போகிற ஓட்டையை அடைத்துவிடுங்கள். தப்பிவிட்டால் முதலில் பாத்ரூமில் தண்ணீர் போகிற ஜாலியை மூடுங்கள், ஃப்ரிட்ஜ் பின்னால், பீரோவுக்கு அடியில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் ஒவ்வொரு வாசற்படியிலும் கோலமாவைப் பரப்பிவிட்டால் எந்த அறைக்குப் போனது என்று தடம் காட்டிக்கொடுக்கும். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பால் பைத்தானின் பழுப்புத் திட்டுகள் பயந்தவர் கண்ணுக்குக் கண்ணாடி விரியனாகத்தான் தெரியும், அடித்துவிடுவார்கள்.

இதே குழப்பம் உங்களுக்கும் வரலாம். ஐப்பசி மழையில் கொடுங்கையூர்ப் பக்கம் தண்ணீர் தேங்கினால் வெளிப்பாம்பு வீட்டுக்குள் ஏறும், கட்டுவிரியன் நடமாடுவதும் ராத்திரியில்தான், அது கடித்தால் பல நேரம் வலியே இருக்காது. இருட்டில் தரையில் நெளிவது நம்ம பாம்புதானே என்று கையை நீட்டாதீர்கள். விளக்கைப் போட்டு, தொட்டிக்குள் உங்கள் பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள். கடித்துவிட்டால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், கட்டுப் போடாமல், கீறாமல் நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள்.