விரல் நுனிக்கான பயிற்சி: தொடு உணர்வை வளர்க்கும் மாண்டிசோரி முறை

1907ஆம் ஆண்டு ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, புலன்களுக்கான பயிற்சிப் பொருள்களில் ஒரு நேரத்தில் ஒரு பண்பு மட்டுமே வேறுபட வேண்டும் என்பதை அடிப்படை விதியாக வைத்தார். சொரசொரப்பைக் கற்பிக்கும் அட்டைகள் அளவிலும் நிறத்திலும் ஒன்றுபோல் இருந்தால்தான் குழந்தையின் கவனம் விரல் நுனியில் நிற்கும். பல வண்ணத் துணிகளைக் கலந்து கொடுத்தால், விரல் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணே செய்துவிடும்.

இரண்டரை அல்லது மூன்று வயதில் தொடங்கலாம். ஒரு தடித்த அட்டையின் பாதியில் உப்புத்தாளை ஒட்டி, மறுபாதியை வழவழப்பாகவே விட்டுவிடுங்கள். முதலில் குழந்தையின் கைகளைக் கழுவி, விரல் நுனிகளை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்துத் துடைத்துவிட வேண்டும்; உணர்வைக் கூர்மையாக்கும் இந்த ஆயத்தத்தைப் பலர் தவிர்த்துவிடுவது வருத்தத்துக்குரியது. பிறகு நீங்களே மேலிருந்து கீழாக, இறகு படுவதுபோல் மெதுவாக வருடிக் காட்டுங்கள். அழுத்தித் தேய்த்தால் நுண்ணிய வேறுபாடு புலப்படாது என்பதால், வருடும் விதம்தான் இந்தப் பாடத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

சொற்களை மூன்று படிகளில் அறிமுகப்படுத்துங்கள். "இது சொரசொரப்பு, இது வழவழப்பு" என்று பெயரை மட்டும் சொல்லுங்கள், அடுத்து, "சொரசொரப்பானதைத் தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள், அது நன்கு பதிந்த பிறகே "இது எப்படி இருக்கிறது?" என்று வினவுங்கள். குழந்தை தவறினால் திருத்தாமல் பாடத்தை அத்துடன் நிறுத்தி, வேறொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்குவதே முறை.

அடுத்ததாக, 60, 100, 150, 240 என்ற எண்களில் உப்புத்தாள் வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு அட்டைகள் செய்யுங்கள். எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். குழந்தை முதலில் இணைகளைச் சேர்க்கட்டும். பின்னர் மிகச் சொரசொரப்பானதிலிருந்து வழவழப்பானது வரை வரிசைப்படுத்தட்டும். ஒரே நிறத்தில் பருத்தி, பட்டு, கம்பளி, வெல்வெட் துண்டுகளைக் கொண்டும் இதையே செய்யலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு இதைச் செய்வதும் உண்டு; ஆனால் அது சில குழந்தைகளுக்கு அச்சம் தரும்; அவர்கள் கைகளை ஒரு துணிக்கடியில் வைத்துத் தேடினாலே போதும்.

பழகிய பொருள்களைப் பைக்குள் இட்டு, தடவிப் பார்த்தே பெயர் சொல்லச் செய்வது வடிவ உணர்வை வளர்க்கும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு வாயில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள சிறு பொருள்களைத் தரக் கூடாது. வெவ்வேறு வெப்பநிலையில் நீர் நிரப்பிய புட்டிகளைத் தொட்டு வெப்ப வேறுபாட்டையும் உணரலாம்; சூடான புட்டிக்கு வெதுவெதுப்பான நீரே போதும். அதையும் முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சோதியுங்கள்.

விரல்கள் அழுத்தமின்றி வருடப் பழகியதும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் கொடுக்கலாம். எழுதும் திசையிலேயே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ஓட்டி, அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்லிக் காட்டுங்கள்.